வரிசை எண் 41

கமலாபுரத்தில் விமானம் இறங்க ஒரு மணி நேரத் தாமதம்.
அதையும் குறித்துக்கொண்டார்கள்:
வரிசை ஆறு, போக்குவரத்து.

மூன்று பேர்.
கார்க் கதவின் ஓரம் மழை புகாமல் ஒட்டும்
கறுப்பு ரப்பர் பட்டை செய்கிறவர்கள்.
பே என்பவர் பெரியவர். நோ அம்மையார் கணக்கு.
பெயர் சொல்லாத பையன்
போன இடமெல்லாம் மண்ணைப் படம் பிடித்தான்.
நான் மொழிபெயர்ப்பு.
ஸ்ரீபெரும்புதூரில் ஆறு வருஷம்
லைன் ஓரம் நின்று பொறுக்கிய கொரியன்,
நாளுக்கு ஐயாயிரம்.

இடம், ஓமலூர் தாண்டி இருபத்திரண்டு ஏக்கர்.
ஜவ்வரிசி மில் பெரியண்ணன் வெள்ளைச் சட்டையில்
இளநீரோடு நிற்கிறார்.
கடல் எங்கே என்று கேட்டார் பே.
எந்தப் பக்கம் கை நீட்டினாலும்
லாரிக்கு ஏழு மணி நேரம்.
மேட்டூரில் ஜூன் மாதம் கதவு திறக்காத வருஷம் எத்தனை?
"ஒண்ணு ரெண்டுன்னு சொல்லு கண்ணு" என்றார் பெரியண்ணன்.
சொன்னேன்.
பையன் போனில் தேடிப் பார்த்து
சரியான எண்ணை எழுதினான்.
யாரும் என்னைத் திட்டவில்லை.

காற்று திரும்பியது.
மரவள்ளிப் பால் தேங்கிய குட்டையின் நாற்றம்.
கொரியனில் நான் அதை 'நொதித்தல்' என்றேன்.
நோ அம்மையார் முகம் மலர்ந்துவிட்டது,
அவர் வீட்டிலும் சாடிகள் உண்டாம்.
பத்துக்கு ஏழு போட்டார்,
எந்த வரிசையில் என்று தெரியவில்லை.

சம்பளம், சங்கம், மின்வெட்டு,
ஐந்து ரோட்டிலிருந்து பஸ்,
பெண்கள் இரவு ஷிப்டுக்கு வருவார்களா.
வருவோம் என்றேன்.
அந்த 'ஓம்' அவர்கள் மொழியில் விழவில்லை.

மாலை ஏற்காட்டுக்கு ஏறினோம்.
வரிசை முப்பத்தெட்டு, அதிகாரிகள் குடும்பம் வசிக்க.
பதினோராவது கொண்டை ஊசியில் நோ அம்மையார்
மெதுவாக, ஜன்னல் பக்கம் திரும்பி,
"ஹைபோங்கில்தான் முன்பணம் கொடுத்தாகிவிட்டதே" என்றார்.
"கொடுத்தாச்சு" என்றார் பே.
"நம்மிடம் வாங்குகிறவன் அங்கே போய்விட்டான்.
ஆனாலும் இயக்குநர் குழுவுக்கு
மூன்று ஊராவது காட்ட வேண்டும்."
முன் சீட்டில் பெரியண்ணன் திரும்பி,
"என்ன சொல்றாங்க?"
மலை அழகா இருக்குதாம், என்றேன்.

மேலே பனி விலகியபோது
கீழே சேலம் விளக்கேற்றிக்கொண்டிருந்தது.
வெள்ளைக்கல் வெட்டிய குழிகள் மட்டும்
இருட்ட மறுத்துக் கிடந்தன.
பே நெடுநேரம் நின்றார்.
பிறகு தாளை மடியில் வைத்து
கடைசி வரிசையில், 'பிற' என்ற இடத்தில்,
பேனாவால் எழுதினார்.
எட்டிப் பார்த்தேன்.
மாசான், 1973. அம்மா. பத்தொன்பது வயது.
மதிப்பெண் கட்டம் காலி.
'ஜப்பான்காரர்கள் வந்து பார்த்தபோது
அவளும் ஒரு வரிசை' என்றார்,
என்னிடமா, மூடுபனியிடமா.
அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.
சூடான மிளகாய் பஜ்ஜி இரண்டு தின்றார்.

இருபத்தாறு நாளில் கடிதம்.
சேலம் அறுபத்தெட்டு. ஹைபோங் எழுபத்தொன்று.
அன்புடன்.

"போறாங்க உடு" என்றார் பெரியண்ணன்.
"அந்தத் தாளு உங்கிட்ட இருக்குதா?
கானாவுல மரவள்ளி கெழங்கு
சும்மா கெடக்குதுங்கறான் மச்சினன்.
தமிழ்ல மாத்திக் குடு.
ஊர் பேரு மட்டும் காலியா வெய்யி."

நாற்பது வரிசையை இரண்டு ராத்திரியில் முடித்தேன்.
நாற்பத்தொன்றுக்குப் 'பிற' என்று அடித்து
கட்டத்தை எப்போதும் இல்லாத அகலத்தில் விட்டேன்.
பெரியண்ணன் விரலால் ஒவ்வொன்றாகத் தடவி வந்தார்.
"கரண்டு எத்தன நாள் நிக்கும், தண்ணி எப்படி,
இதெல்லாம் அங்க யாரக் கேக்கறது?"

அங்கேயும் ஒருத்தி இருப்பா, என்றேன்.
நாளுக்கு எவ்வளவு வாங்குவாளோ.